மேடைக்கு ஒரு பேச்சு, நீதிமன்றத்துக்கு ஒரு பேச்சு

2020ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில், மாநிலவாரியாக அமைந்து அதிபரைத் தேர்வு செய்யும் தேர்வாளர் குழுவின் வாக்குகளில் ஜோ பைடன் 306 வாக்குகளும் டொனால்ட் ட்ரம்ப் 232 வாக்குகளும் பெற்றனர். மக்கள் நேரடியாக அளித்த வாக்குகளிலும் பைடன் 70 லட்சத்துக்கு மேல் முன்னிலை பெற்றிருந்தார். ஆயினும் அந்தத் தேர்தல் திருடப்பட்டது என்ற கூற்று ட்ரம்ப்பின் குடியரசுக் கட்சி ஆதரவாளர்களிடையே ஆழமாக வேரூன்றி, அக்கட்சியில் ஒருவர் நிலைப்பதற்கும் நீக்கப்படுவதற்கும் உரைகல்லாகவே மாறிவிட்டது. அரசியல் பொய் எந்தவொரு கட்சிக்கும் தனி உடைமை ஆகிவிடாது. ஆனால் இந்தப் பொய்யின் வரலாற்றில் தெளிவாக ஆவணப்படுத்தப்பட்ட ஓர் உண்மை இருக்கிறது. அதைப் பரப்பியவர்களில் முக்கியமான பலர், மக்கள் முன் முழங்கியதை நீதிபதியின் முன் சொல்லத் துணியவில்லை. தொலைக்காட்சியில் ஒலிக்கவிட்டதைத் தமக்குள் நம்பவுமில்லை.

பொய்க்கு வழிவிட்ட எண்ணிக்கை முறை

கொரோனா பெருந்தொற்று நிலவிய அந்த ஆண்டில் கோடிக்கணக்கானோர் தபால் வழியே வாக்களித்தனர். தபால் வாக்கு முறைகேட்டுக்கு இடமளிக்கும் என்று ட்ரம்ப் பல மாதங்களாகச் சொல்லிவந்ததால் அவருடைய ஆதரவாளர்கள் வாக்குச்சாவடிக்கே செல்ல விரும்பினர். பைடனின் ஜனநாயகக் கட்சியினர் பெருமளவில் தபாலை நாடினர். பென்சில்வேனியா மாநிலச் சட்டமோ, தேர்தல் நாள் காலை ஏழு மணிக்கு முன் தபால் உறைகளைப் பிரிப்பதற்கே அனுமதிக்கவில்லை. ஆகவே நேரில் அளிக்கப்பட்ட வாக்குகள் பெரும்பாலும் முதலில் எண்ணப்பட்டு ட்ரம்ப் முன்னிலையில் இருப்பதாகக் காட்டின. தபால் வாக்குகள் எண்ணப்பட எண்ணப்பட அந்த முன்னிலை கரைந்தது. தபால் வாக்குகளை முன்கூட்டியே பரிசீலிக்கச் சட்டம் இடமளித்த புளோரிடாவில் அன்றிரவே முடிவு தெளிவாகி, ட்ரம்ப்பின் வெற்றியும் எவ்விதச் சர்ச்சையுமின்றி ஏற்கப்பட்டது.

எண்ணும் வரிசையால் இத்தகைய தோற்ற மயக்கம் ஏற்படும் என்று தேர்தல் வல்லுநர்கள் வாக்குப்பதிவுக்கு முன்பே எச்சரித்திருந்தனர். அப்படியிருந்தும், பல லட்சம் வாக்குகள் எண்ணப்படாமல் கிடந்த நவம்பர் 4 அதிகாலையிலேயே வெள்ளை மாளிகையிலிருந்து பேசிய ட்ரம்ப், தாம் வென்றுவிட்டதாக அறிவித்தார். அதன்பின் எண்ணப்பட்ட ஒவ்வொரு வாக்கும் அவரை நம்பியவர்களின் கண்ணுக்குத் திருட்டாகவே தெரிந்தது.

நீதிபதியின் முன் மாறிய குரல்

தேர்தலுக்குப் பிறகு ட்ரம்ப் தரப்பினர் அறுபதுக்கும் மேற்பட்ட வழக்குகளைத் தொடுத்தனர். பென்சில்வேனியாவின் ஏறத்தாழ 70 லட்சம் வாக்குகளின் முடிவு சான்றளிக்கப்படுவதைத் தடுக்கக் கோரிய வழக்கில், நியூயார்க் நகரின் முன்னாள் மேயர் ரூடி ஜூலியானி ட்ரம்ப்பின் வழக்கறிஞராக வாதாடினார். செய்தியாளர் சந்திப்புகளில் நாடு தழுவிய மோசடி என்று முழங்கிவந்த அவர், நவம்பர் 17 அன்று நீதிபதி மேத்யூ பிரான் நேரடியாக வினவியபோது, இது மோசடி வழக்கு அல்ல என்று ஒப்புக்கொண்டார். நீதிமன்றத்தில் ஆதாரமில்லாமல் மோசடி என்று வாதிடும் வழக்கறிஞர் தொழில் உரிமையையே இழக்க நேரிடலாம். அவ்வழக்கு மேல்முறையீட்டிலும் தோற்றது. குற்றச்சாட்டு என்றால் குறிப்பான விவரமும் அதன்பின் சான்றும் வேண்டும், இங்கே இரண்டுமே இல்லை என்று தீர்ப்பெழுதிய ஸ்டெஃபானோஸ் பிபாஸ், ட்ரம்ப்பே நியமித்த நீதிபதி. நீதிமன்றத்துக்கு வெளியே சொன்ன பொய்களும் ஜூலியானியை விடவில்லை. அவற்றுக்காக 2024இல் நியூயார்க் மாநிலம் அவருடைய வழக்கறிஞர் உரிமத்தைப் பறித்தது.

சிட்னி பவல் என்ற வழக்கறிஞரின் நிலை இதைவிட வெளிப்படையானது. டொமினியன் நிறுவனத்தின் வாக்கு எண்ணும் இயந்திரங்கள் வெனிசுவேலாவின் முன்னாள் அதிபர் ஹூகோ சாவேஸுக்காக உருவாக்கப்பட்டவை, அவை ட்ரம்ப்பின் வாக்குகளைப் பைடனுக்கு மாற்றின என்று அவர் வாரக்கணக்கில் பேசினார். உண்மையில் அந்நிறுவனம் கனடாவின் டொரண்டோவில் தொடங்கப்பட்டது. அவர்மீது அவதூறு வழக்கு பாய்ந்தபோது, அவருடைய வழக்கறிஞர்கள் 2021 மார்ச்சில் முன்வைத்த வாதங்களுள் ஒன்று, நியாயமாகச் சிந்திக்கும் எவரும் அக்கூற்றுகளை உண்மைத் தகவலாகக் கொள்ளமாட்டார்கள் என்பதாகும். அவரை நம்பிப் பணம் அனுப்பியவர்களும் தெருவில் இறங்கியவர்களும் இந்த வாதத்தின்படி நியாயமாகச் சிந்திக்கத் தெரியாதவர்கள் ஆகிவிட்டார்கள்.

ஃபாக்ஸ் நியூஸின் உள்வட்டம்

தேர்தல் இரவில் அரிசோனா மாநிலத்தைப் பைடன் வென்றதாக முதலில் அறிவித்தது, வலதுசாரிப் பார்வையாளர்கள் மிகுதியாகப் பார்க்கும் ஃபாக்ஸ் நியூஸ் தொலைக்காட்சியே. இறுதியில் 10,457 வாக்கு வித்தியாசத்தில் அந்தக் கணிப்பு சரியாகவே அமைந்தது. ஆனால் சினமுற்ற பார்வையாளர்கள் நியூஸ்மேக்ஸ் போன்ற போட்டி அலைவரிசைகளை நோக்கி நகர்ந்தனர். அந்தக் கணிப்பைப் பொதுவெளியில் ஆதரித்துப் பேசிய அரசியல் ஆசிரியர் கிறிஸ் ஸ்டையர்வால்ட், நிறுவனச் சீரமைப்பு என்ற பெயரில் 2021 ஜனவரியில் வேலையிழந்தார்.

தேர்தலை அடுத்த வாரங்களில் ஃபாக்ஸ் நிறுவனத்துக்குள் நடந்தவற்றை உலகம் அறிந்தது, டொமினியன் 160 கோடி டாலர் இழப்பீடு கோரித் தொடுத்த அவதூறு வழக்கினால்தான். அமெரிக்கச் சட்டப்படி இத்தகைய வழக்கில் வெல்வதற்கு, சொல்லப்பட்டது பொய் என்று நிரூபித்தால் போதாது. பொய் என்று தெரிந்தோ, உண்மையைப் பற்றி அக்கறையே கொள்ளாமலோ சொல்லப்பட்டது என்றும் நிரூபிக்க வேண்டும். 1964இல் உச்ச நீதிமன்றம் வகுத்த இந்தக் கடுமையான அளவுகோலுக்காகவே, ஃபாக்ஸ் ஊழியர்களின் மின்னஞ்சல்களும் கைபேசிச் செய்திகளும் விசாரணைக்கு முன் டொமினியனிடம் ஒப்படைக்கப்பட்டன.

பவல் பொய் சொல்கிறார் என்று சக தொகுப்பாளருக்கு எழுதிய ஃபாக்ஸ் தொகுப்பாளர் டக்கர் கார்ல்சன், ட்ரம்ப்பின் கூற்றுக்கு ஆதாரமில்லை என்று ட்விட்டரில் சுட்டிக்காட்டிய சொந்த நிறுவனச் செய்தியாளரை வேலையிலிருந்து நீக்கும்படி வலியுறுத்தினார். நிறுவனத்தின் பங்கு விலை சரிகிறது என்பது அவர் காட்டிய காரணம். பவல் தம் ஆதாரமாக ஒரு தொகுப்பாளருக்கு அனுப்பிய மின்னஞ்சலில், அதை எழுதியவரே காற்று தம்மிடம் பேசுவதாகவும் தம்மை ஆவி என்று சொல்வதாகவும் குறிப்பிட்டிருந்தார். அது கைக்கு வந்த மறுநாளே அதே தொகுப்பாளரின் நிகழ்ச்சியில் பவல் தோன்றி இயந்திர மோசடி பற்றிப் பேசினார். உரிமையாளர் ரூபர்ட் மர்டாக்கோ, தம் தொகுப்பாளர்களில் சிலர் திருட்டுக் கதைக்கு ஒப்புதல் தந்தனர் என்பதைப் பிரமாண வாக்குமூலத்தில் ஏற்றுக்கொண்டார். டொமினியன் பற்றிய கூற்றுகளில் எதுவும் உண்மையில்லை என்று நீதிபதி முன்கூட்டியே தீர்ப்பளித்த நிலையில், 2023 ஏப்ரல் 18 அன்று, வாதம் தொடங்கவிருந்த தருணத்தில், 78.75 கோடி டாலருக்கு ஃபாக்ஸ் சமரசம் செய்துகொண்டது. தொலைக்காட்சியில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை.

உண்மைக்குக் கொடுத்த விலை

பார்வையாளர்கள் விரும்பாத உண்மையைச் சொல்ல ஊடகமே அஞ்சும் இந்தச் சூழல் ஓரிரவில் உருவானதன்று. சர்ச்சைக்குரிய பொருள்களில் எதிர்த்தரப்புக்கும் இடமளிக்க வேண்டும் என்று ஒலிபரப்பாளர்களை 1949 முதல் கட்டுப்படுத்திய விதி 1987இல் கைவிடப்பட்டது. மறு ஆண்டே பழமைவாதப் பேச்சாளர் ரஷ் லிம்பாவின் வானொலி நிகழ்ச்சி நாடெங்கும் பரவியது. 1996இல் ஃபாக்ஸ் நியூஸ் தோன்றியது. மற்ற ஊடகங்கள் அனைத்தும் பகைவர்கள் என்று ஒரு தலைமுறைக்குக் கற்பித்த பிறகு, அந்தப் பார்வையாளர்களுக்குக் கசப்பான உண்மையைச் சொல்லும் திராணி கற்பித்தவர்களுக்கே இல்லாமற்போனது.

அந்தத் திராணி கொண்ட பழமைவாதிகள் இல்லாமலில்லை. முடிவை மாற்றும் அளவுக்கு மோசடி எதையும் காணவில்லை என்று ட்ரம்ப்பின் சட்டத்துறைத் தலைவர் வில்லியம் பார் 2020 டிசம்பர் 1 அன்று அறிவித்தார். ஜார்ஜியாவில் சுமார் 50 லட்சம் வாக்குச்சீட்டுகள் கையால் எண்ணிச் சரிபார்க்கப்பட்டன. அங்கே பைடனின் இறுதி முன்னிலை 11,779. தமக்கு 11,780 வாக்குகளைக் கண்டுபிடித்துத் தரும்படி ட்ரம்ப் தொலைபேசியில் கேட்டபோது, குடியரசுக் கட்சியைச் சேர்ந்த மாநிலச் செயலர் பிராட் ராஃபன்ஸ்பெர்கர் இணங்க மறுத்தார். மிச்சிகனில் அதே கட்சியினர் தலைமையேற்ற செனட் குழுவும் திட்டமிட்ட மோசடிக்குச் சான்றில்லை என்று முடிவு செய்தது.

ஆனால் கட்சி இத்தகையோரைத் தண்டித்தது. 2021 ஜனவரி 6 அன்று ட்ரம்ப் ஆதரவாளர்கள் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்து நடத்திய வன்முறைக்காக ட்ரம்ப்பைப் பதவிநீக்க விசாரணைக்கு உட்படுத்த வாக்களித்த பத்து குடியரசுக் கட்சிப் பிரதிநிதிகளில், அடுத்த தேர்தலுக்குப் பின் இருவரே அவைக்குத் திரும்பினர். லிஸ் செனி உள்ளிட்ட நால்வர் உட்கட்சித் தேர்தலில் வீழ்த்தப்பட்டனர், மற்ற நால்வர் போட்டியிடவே இல்லை. அதே ஜனவரி 6இல் கலவரக்காரர்கள் வெளியேற்றப்பட்ட பிறகும் தேர்தல் முடிவுக்கு எதிராக வாக்களித்த குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் 147 பேர். கலவர வழக்குகளில் சிக்கிய சுமார் 1,500 பேருக்கு, மீண்டும் பதவியேற்ற ட்ரம்ப் 2025இல் முதல் நாளிலேயே மன்னிப்பு வழங்கினார்.

இவை அனைத்துக்கும் நடுவே எளிய மனிதர்கள் நசுங்கினார்கள். ஜார்ஜியாவில் வாக்கு எண்ணிய தாயும் மகளுமான இரு கருப்பினப் பெண்கள், ஜூலியானி சுமத்திய பொய்க் குற்றச்சாட்டினால் கொலை மிரட்டலுக்கு ஆளானார்கள்; தாய்க்குத் தம் வீட்டை விட்டே வெளியேற நேர்ந்தது. ஜூலியானி அவர்களுக்கு 14.8 கோடி டாலர் இழப்பீடு தர வேண்டும் என்று 2023இல் நடுவர் மன்றம் தீர்மானித்தது. பொய்க்கு விலை உண்டு என்பதை நீதிமன்றங்கள் இவ்வாறு நிலைநாட்டினாலும், அவற்றால் ஆனது இழப்பீடு வாங்கித் தருவது மட்டுமே. உண்மை பேசிய வேட்பாளரை உட்கட்சித் தேர்தலிலேயே வீழ்த்தி, பொய் பேசியவருக்கு மீண்டும் மீண்டும் இடமளிக்கும் வரை, அந்தக் கணக்கு அரசியலில் நேராகாது. அதை நேராக்கும் கடமை எதிர்க்கட்சிக்கோ நீதிபதிக்கோ உரியதன்று. தம் பெயரால் பொய் பேசப்படுவதைப் பொறுத்துக்கொண்ட அமெரிக்கப் பழமைவாத வாக்காளர்களுக்கும் தலைவர்களுக்குமே உரியது.