அயல்நாட்டுக் கல்வியும் அன்றாடப் பண்பாட்டு வேறுபாடுகளும்

உயர்கல்விக்காக வேறொரு நாட்டுக்குச் செல்லும் மாணவர்கள் பேச்சு, உணவு, விருந்து, வகுப்பறை முதலிய நாள்தோறும் நிகழும் செயல்களில் பல பழக்க வேறுபாடுகளை எதிர்கொள்கின்றனர். குளிரைப் பற்றியும் மொழியைப் பற்றியும் முன்கூட்டியே கேட்டறிந்து செல்பவர்கள்கூட இத்தகைய சிறு வேறுபாடுகளால் மனம் புண்படுவதுண்டு. மரியாதையையும் அன்பையும் காட்டும் முறை நாட்டுக்கு நாடு மாறுவதே இதற்கு முதன்மைக் காரணம். திண்டுக்கல் நகரிலும் அதைச் சூழ்ந்த சமவெளி ஊர்களிலும் உள்ள பழக்கங்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்வேறுபாடுகளைக் காணலாம்.

அழைக்கும் முறை

திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் தேநீர்க் கடைக்காரரை ‘அண்ணே’ என்றும், பூ விற்பவரை ‘அக்கா’ என்றும் அழைப்பது இயல்பு. முன்பின் அறியாதவரையும் உறவுமுறை சொல்லி அழைப்பதே இங்கு மரியாதை. கல்லூரிகளில் ஆசிரியரை ‘சார்’, ‘மேடம்’, ‘ஐயா’, ‘அம்மா’ என்பர். பெயர் சொல்லி அழைக்கும் வழக்கம் இல்லை.

ஆஸ்திரேலியா, நெதர்லாந்து, சுவீடன் போன்ற நாடுகளில் பேராசிரியரைப் பெயர் சொல்லி அழைப்பது பரவலான வழக்கம். தமிழ் மாணவருக்குத் தொடக்கத்தில் இது நாக்கில் வருவதில்லை. ஆனால் மேலைநாடுகள் எல்லாம் இவ்வகையில் ஒன்றுபோல் இல்லை. ஜெர்மன் மொழியில் ‘நீ’ என்பதற்கு ‘டூ’ என்றும், ‘நீங்கள்’ என்பதற்கு ‘ஸீ’ என்றும் தனித்தனிச் சொற்கள் உள்ளன. பேராசிரியரிடம் ‘ஸீ’ என்பதே பொதுவான முறை. தமிழர்க்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும்.

நலம் கேட்டலும் நன்றி கூறலும்

‘சாப்பிட்டாச்சா?’ என்ற கேள்வி தமிழகத்தில் நலம் விசாரிப்பதற்குரியது. கேட்டவர் உணவு தரப்போகிறார் என்பது அதன் பொருளன்று. அதேபோல் ஆங்கிலேயர் ‘ஹவ் ஆர் யூ?’ எனக் கேட்பதும் பெரும்பாலும் முகமன் மட்டுமே. அதற்கு விரிவான பதிலை அவர்கள் எதிர்பார்ப்பதில்லை. பதில் கேட்க நிற்காமல் செல்பவரைக் கண்டு, அக்கறையற்றவர் என்று புதிய மாணவர் எண்ணிவிடக்கூடும்.

வீட்டில் தண்ணீர் கொண்டுவந்து தரும் தங்கைக்கோ சோறு பரிமாறும் தாய்க்கோ தமிழர் பொதுவாக நன்றி சொல்வதில்லை. சொன்னால் அந்நியமாகத் தோன்றும். பிரிட்டனிலோ ஆஸ்திரேலியாவிலோ பேருந்திலிருந்து இறங்கும்போது ஓட்டுநருக்குக்கூடப் பலர் நன்றி கூறுகின்றனர். இச்சொல்லைப் பயன்படுத்தாத மாணவர் மனத்தில் பணிவு இருந்தாலும், மற்றவர்க்கு அவர் முரட்டுத்தனமானவராகத் தெரியலாம்.

விருந்து

தமிழர் விருந்தில் முதன்முறை ‘போதும்’ என்பது பெரும்பாலும் கூச்சத்தினால் சொல்லப்படுவது. ‘இன்னுங் கொஞ்சம் வச்சுக்கங்க’ என்று வற்புறுத்திப் பரிமாறுவதே உபசரிப்பு. இலையை மடித்த பிறகே பரிமாறுபவர் விடுவார். ஆங்கிலேயர் விருந்தில் கத்தியையும் முட்கரண்டியையும் தட்டில் அருகருகே வைப்பது உண்டு முடித்ததன் அடையாளம். அங்கே ‘வேண்டாம்’ என்ற சொல்லை அப்படியே ஏற்றுக்கொள்வதே விருந்தினருக்குத் தரும் மரியாதை. மீண்டும் கேட்பார்கள் என நினைத்து மறுக்கும் தமிழ் மாணவர் பசியோடு எழ நேரிடும்.

இராமானுசனின் அனுபவம்

கும்பகோணத்தில் வளர்ந்த கணிதமேதை சீனிவாச இராமானுசன் (1887–1920) 1914 மார்ச் 17 அன்று சென்னையிலிருந்து கப்பலேறி, ஏப்ரலில் இங்கிலாந்தை அடைந்தார். கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் இருந்தபோது மரக்கறி உணவைத் தாமே சமைத்து உண்டார். அதனால் கல்லூரி உணவுக்கூடத்தில் மற்றவரோடு அமர்ந்து உண்ணும் பழக்கம் அவருக்கு ஏற்படவில்லை.

அப்போது கேம்பிரிட்ஜில் பயின்ற புள்ளியியலாளர் பி. சி. மகலனோபிசு, இராமானுசன் இரவில் மேற்சட்டையோடு சால்வை போர்த்திக் குளிரில் நடுங்கியதை அறிந்தார். கட்டிலில் கம்பளிகள் இருந்தன. ஆனால் அவை விரிப்புக்கு அடியில் மெத்தையோடு சேர்த்துச் செருகப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே படுக்கவேண்டும் என்பதை மகலனோபிசு காட்டிக்கொடுத்தார்.

மற்றொரு முறை இராமானுசன் தம் அறையில் சிலருக்கு விருந்தளித்தார். மூன்றாம் முறை பரிமாற முற்பட்டபோது விருந்தினரில் பெண்கள் போதுமென்று மறுத்தனர். சற்று நேரத்தில் அவர் அறையைவிட்டு வெளியேறி ஆக்சுபோர்டுக்குச் சென்றுவிட்டார். சில நாள் கழித்துத் திரும்பியபின், தாம் பரிமாறியதை அவர்கள் ஏற்காதது மனத்தை வருத்தியதாகக் கூறினார். அவ்விருந்தினரும் இந்தியர்களே என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது. ஒரே நாட்டினரிடையேயும் உபசரிப்பைப் பற்றிய எதிர்பார்ப்பு வேறுபடும் என்பதற்கு இது சான்று.

வகுப்பறை

தமிழகத்தில் ஆசிரியர் பேசும்போது அமைதியாகக் கேட்பது நல்ல மாணவருக்கு அடையாளமாகக் கருதப்படுகிறது. பல மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்களில் கேள்வி கேட்பதும் ஆசிரியர் கருத்தை மறுத்துப் பேசுவதும் கற்றலின் பகுதியாகக் கொள்ளப்படுகின்றன. சில பாடங்களில் இதற்கு மதிப்பெண்ணும் உண்டு.

எழுத்துப் பணியில் உள்ள வேறுபாடு கூடுதல் கவனத்துக்குரியது. நூலில் உள்ளதை வரி பிசகாமல் எழுதிப் பாராட்டுப் பெற்ற மாணவர், அயல்நாட்டில் மூலத்தைக் குறிப்பிடாமல் அவ்வாறே எழுதினால் அது கருத்துத் திருட்டாகும். அதற்காகத் தேர்ச்சி மறுக்கப்படலாம். பல்கலைக்கழகத்தைவிட்டு நீக்கப்படவும் கூடும். வழக்கம் தெரியாது என்ற விளக்கம் பெரும்பாலும் ஏற்கப்படுவதில்லை.

பண்பாட்டு அதிர்ச்சி

பழகிய அடையாளங்கள் யாவும் மறைந்த இடத்தில் தோன்றும் பதற்றத்தை மானிடவியலாளர் கலெர்வோ ஓபெர்க் ‘பண்பாட்டு அதிர்ச்சி’ எனும் தலைப்பில் 1954-இல் விளக்கினார். தொடக்க மகிழ்ச்சி, நெருக்கடி, மீட்சி, இணக்கம் என நான்கு கட்டங்கள் இதில் கூறப்படுகின்றன. அமெரிக்காவுக்குச் சென்று வந்த நார்வே நாட்டினரை ஆராய்ந்த சுவர்ரே லிஸ்கார்ட் 1955-இல் இதனை ‘யு’ வடிவ வளைகோடாகக் காட்டினார். எல்லோரும் இதே வரிசையில்தான் செல்வர் என்று சொல்ல இயலாது. ஆயினும் சோர்வு தமக்கு மட்டும் நேர்ந்த குறையன்று என்பதை அறிவது மாணவருக்கு ஆறுதலாகும். ‘இங்கே இதற்கு என்ன வழக்கம்?’ என்று தயங்காமல் கேட்பதும், அறையிலேயே முடங்காமல் மற்றவரோடு சேர்ந்து உண்பதும் பல மனத்தாங்கல்களைத் தவிர்க்கும்.

தாயகம் திரும்பும்போதும் இதே நிலை உண்டாகலாம். 1963-இல் குல்லஹோர்ன் இணையர் இதனையும் சேர்த்து ‘டபிள்யூ’ வடிவ வளைகோடாக விரித்தனர். அயல்நாட்டில் பழகிய மாணவர், திண்டுக்கல்லில் உள்ள தம் வீட்டுக்கு வந்து, தாய் இரண்டாம் முறை சோறு வைக்கும்போது ஒரே சொல்லில் ‘வேண்டாம்’ என்று சொல்லி எழுந்துவிடக்கூடும். அவருக்கு அது சாதாரண மறுப்பு, தாய்க்கோ மனவருத்தம்.