பொறுப்பேற்கும் கைகள்

நுழையும்முன்

வீட்டைப் பிரிந்து விடுதியில் தங்கிப் படிக்கும் பதினொரு வயதுக் குழந்தைக்குப் பள்ளியே ஊராகிறது. அவ்வூரில் தனக்கென ஓர் இடம் இருப்பதாக அக்குழந்தை உணர வேண்டும். மாணவர் மன்றங்களும் உதவியாளர் பொறுப்புகளும் அவ்விடத்தை அளிக்கும் வகையை ஜவ்வாது மலைச் சூழலில் வைத்து இப்பாடம் விளக்குகிறது.

மலையும் பள்ளியும்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான ஜவ்வாது மலை திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரவியுள்ளது. சாமை விளையும் இம்மலையில் வாழும் பழங்குடியினர் ‘மலையாளிகள்’ எனப்படுவர். ஊருக்கு ஊர்க்கவுண்டர், பல ஊர்கள் சேர்ந்த நாட்டிற்கு நாட்டார் எனப் பொறுப்புகளைப் பகிர்ந்து வாழ்வது அவர்தம் மரபு.

சிற்றூர்கள் ஒன்றுக்கொன்று தொலைவில் அமைந்திருப்பதால், அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் தங்கிப் பயிலும் குழந்தைகள் பலர். அவர்களுள் முதல் தலைமுறையாகக் கற்போரும் உளர். பிழைப்பிற்காகப் பெற்றோர் மலையிறங்கி வெளியூர்களில் சில மாதங்கள் தங்க நேர்வதும் உண்டு. விடுமுறைக்குச் சென்ற குழந்தை பள்ளிக்குத் திரும்பாமற்போகும் இடர் இச்சூழலில் மிகுதி. இடைநிற்றல் ஒரே நாளில் நிகழ்வதன்று. முதலில் ஒரு நாள் வராமை. பின்பு ஒரு வாரம். அதன்பின், தன்னை எவரும் தேடவில்லை என்னும் எண்ணம். அவ்வெண்ணம் முளைக்குமுன் தேடுபவர் ஒருவர் வேண்டும்.

மன்றங்கள்

பாடநூல் கூறுவதைக் கைகளால் செய்து பார்க்கும் களம் மன்றம். அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8 வரையிலான வகுப்பு மாணவர்களுக்கென ‘வானவில் மன்றம்’ 2022 நவம்பர் 28 அன்று திருச்சிராப்பள்ளியில் தொடங்கப்பட்டது. கருத்தாளர்கள் பள்ளிகளுக்குச் சென்று, எளிய பொருள்களைக் கொண்டு அறிவியல், கணிதச் சோதனைகளைச் செய்து காட்டுகின்றனர்.

ஜவ்வாது மலை மாணவர்க்கு இம்மன்றத்தின் பாடப்பொருள் தலைக்குமேலேயே விரிந்திருக்கிறது. நகர வெளிச்சம் குறைந்த வானத்தின் பொருட்டே காவலூரில் வானாய்வகம் அமைக்கப்பட்டது. தங்கள் மலையிலிருந்தே அறிஞர்கள் விண்ணை ஆராய்கின்றனர் என்பதை அறியும் மாணவர்க்கு அறிவியல் அயலாகத் தோன்றாது.

இவ்வாறே, 2001-02இல் தொடங்கப்பட்ட தேசிய பசுமைப் படை காட்டையும் நீரையும் காக்கப் பழக்குகிறது. தொன்மைப் பாதுகாப்பு மன்றம் அமையும் பள்ளியில், இம்மலையின் கல்திட்டைகளே வரலாற்றுப் பாடமாகும். மேடையேறத் தயங்கும் மாணவரும் தம் ஊர்ப் பேச்சில் ஒரு கதை சொல்ல இலக்கிய மன்றம் இடமளிக்கும்.

தெரிந்து தெளிவோம்

காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் தொடங்கி வைக்கப்பட்டது. 1977இல் யுரேனசு கோளைச் சுற்றியுள்ள வளையங்கள் கண்டறியப்பட்டபோது, காவலூரிலிருந்தும் அந்நிகழ்வு உற்றுநோக்கப்பட்டது.

உதவியாளர் பொறுப்புகள்

மன்றம் வாரத்தில் சில மணி நேரம் கூடுவது. உதவியாளர் பொறுப்போ நாள்தோறும் ஆற்றுவது. நூலகத்தில் நூல் வழங்குதல், முதலுதவிப் பெட்டியைச் சரிபார்த்தல், எழுத்துக் கூட்டிப் படிக்கும் மாணவருடன் அமர்ந்து படித்தல், விடுதிக்குப் புதிதாக வந்த ஆறாம் வகுப்புக் குழந்தைக்குத் துணையாதல் முதலியன அத்தகைய பொறுப்புகள்.

இவற்றுள் தலையாயது வாராதவரைக் கவனித்தல். ஆசிரியரின் பதிவேடு ஒருவர் வரவில்லை என்பதைக் காட்டும்; ஏன் வரவில்லை என்பது பெரும்பாலும் பக்கத்து இருக்கைக்கே தெரியும். அக்காரணத்தை உரிய நேரத்தில் மாணவர் ஆசிரியரிடம் கூறினால், ஆசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுவினரும் அவ்வீட்டிற்குச் செல்ல வழி பிறக்கும்.

பொறுப்புகள் சுழற்சி முறையில் அமைதல் நன்று. மதிப்பெண் மிக்க சிலரே எப்போதும் தலைவராயின், ஏனையோர் பார்வையாளராகவே நின்றுவிடுவர். பேசத் தயங்குபவர் நூலகச் சாவியைக் கையில் வாங்கும் நாளில், பள்ளி தம்மை நம்புவதை உணர்கிறார்.

தொண்டின் எல்லை

தொண்டிற்கும் எல்லை உண்டு. பணியாளர் செய்ய வேண்டிய வேலையை மாணவர்மீது சுமத்துதல் தொண்டாகாது. கழிவறையைத் தூய்மை செய்வித்தல், பாடவேளையில் வேலை வாங்குதல், கூட்டுதலும் பரிமாறுதலும் பெண்பிள்ளைகளுக்கே உரியன எனக் கருதுதல் ஆகியன விலக்கத்தக்கவை. உதவியாளருக்குத் தண்டிக்கும் உரிமை இல்லை. நண்பருக்குத் தீங்கு நேர்ந்ததாக அறிந்தால், அதைத் தமக்குள் மறைத்துச் சுமத்தல் ஆகாது. நம்பிக்கைக்குரிய பெரியவரிடமோ 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணிலோ தெரிவித்தலே கடமை.

பள்ளியிலிருந்து ஊருக்கு

பள்ளியில் பழகிய பொறுப்பு பள்ளியோடு முடிவதில்லை. பெருந்தொற்றுக்கால இழப்பை ஈடுசெய்ய 2021 அக்டோபர் 27 அன்று ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கப்பட்டபோது, தமிழகமெங்கும் தன்னார்வலர்கள் மாலைவேளைகளில் தம் ஊர்க் குழந்தைகளுக்குக் கற்பித்தனர். மேல்நிலை மாணவர்க்கு வாய்க்கும் நாட்டு நலப்பணித் திட்டம் 1969 முதல் ‘எனக்காக அன்று, உனக்காக’ என்னும் உணர்வை வளர்த்து வருகிறது. மலையூர்ப் பள்ளியில் தம் தோழரின் வெற்றிருக்கையைக் கண்டு ‘ஏன் வரவில்லை?’ எனக் கேட்கும் மாணவர், அவ்வுணர்வின் முதற்படியில் நிற்கிறார்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளியிலுள்ள மன்றங்களையும் அவற்றின் பணிகளையும் பட்டியலிடுக.
2. ‘தொண்டும் சுமையும்’ என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.
3. நெடுநாள் வாராத மாணவர் மீண்டும் பள்ளிக்கு வர, வகுப்புத் தோழர் செய்யத்தக்கனவற்றை ஒரு பத்தியில் எழுதுக.