சாண் சாணாக உயரும் பச்சைக்குதிரை

சுருளி அருவிக்கு அருகிலுள்ள சுருளிப்பட்டியிலும் கம்பம் பள்ளத்தாக்கின் பிற ஊர்களிலும், தமிழகத்தின் ஏனைய பகுதிகளைப் போலவே, பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக ஆடிவந்த தாண்டல் விளையாட்டு பச்சைக்குதிரை எனப்படும். ஒருவர் குனிந்து நிற்க, மற்றவர்கள் ஓடிவந்து அவர் முதுகில் இரு கைகளையும் ஊன்றி, கால்களை இருபுறமும் அகல விரித்துத் தாண்டிச் செல்வதே இதன் அடிப்படை. மொழியறிஞர் ஞா. தேவநேயப் பாவாணர் தமிழ்ப் பிள்ளைகளின் ஆட்டங்களைத் தொகுத்து 1954-இல் வெளியிட்ட ‘தமிழ்நாட்டு விளையாட்டுகள்’ என்னும் நூலில் இதற்கும் இடம் உண்டு.

யார் குதிரையாவது என்பதைச் ‘சாட் பூட் திரீ’ முடிவு செய்கிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் உள்ளங்கையையோ புறங்கையையோ காட்ட, தனித்துத் தெரிபவர் பழமாகி விலகிக்கொண்டே வர, கடைசியில் எஞ்சுபவர் குனிய வேண்டும். சில ஊர்களில் ஆட்டம் குனிந்த முதுகில் தொடங்குவதில்லை. குதிரையானவர் முதலில் தரையில் உட்கார்ந்து காலை நீட்டுகிறார். அதை எல்லோரும் தாண்டியபின் ஒரு பாதத்தின் மேல் மறு பாதத்தை நிறுத்துகிறார். அதன் மேல் ஒரு சாண், அதாவது விரித்த கையின் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரையுள்ள அளவு, பிறகு அதற்கும் மேல் இன்னொரு சாண் என உயரம் ஏறுகிறது. அடுத்து எழுந்து கணுக்காலைப் பிடித்துக் குனிகிறார், பின்னர் முழங்காலைப் பிடித்துக் குனிகிறார். தாண்டுபவரின் கால் குதிரையின் மேல் பட்டாலோ, தாண்ட முடியாமல் முதுகிலேயே உட்கார்ந்துவிட்டாலோ அவர் அவுட். அவரே அடுத்த குதிரை. தோற்றவரை ஆட்டத்தை விட்டு வெளியேற்றி ஓரமாக உட்காரவைக்காமல் ஆட்டத்தின் நடுவிலேயே நிறுத்திக்கொள்ளும் இந்த விதி, பல நவீன விளையாட்டுகளில் காணக் கிடைக்காத நேர்த்தியுடையது.

கடல் கடந்த பிலிப்பைன்ஸ் நாட்டிலும் இதே ஆட்டம் இரண்டு வடிவங்களில் வழங்குகிறது. குனிந்தவரைத் தாண்டுவது ‘லுக்சோங் பாக்கா’, அதாவது பசுவைத் தாண்டுதல். மற்றொன்றான ‘லுக்சோங் தினிக்’, அதாவது முள்ளைத் தாண்டுதல், நம் சாண் கணக்கோடு வியக்கத்தக்க அளவு ஒத்துப்போகிறது. இருவர் எதிரெதிரே அமர்ந்து பாதங்களைச் சேர்த்து, அவற்றின் மேல் விரித்த கைகளை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போக, எதிரணியினர் அந்த முள்வேலியில் உடலோ உடையோ படாமல் தாண்ட வேண்டும். ஒவ்வோர் அணியிலும் நன்றாகத் தாண்டக்கூடிய ஒருவர் ‘தாய்’ எனப்படுகிறார். தவறிய பிள்ளைக்காக அவர் மீண்டும் தாண்டி அதை ஆட்டத்தில் தக்கவைக்கலாம் என்பது அவ்விளையாட்டின் மிக அழகிய விதி. ஐரோப்பாவிலும் இது பழையதே. ஓவியர் பீட்டர் புரூகல் 1560-இல் தீட்டிய ‘குழந்தைகளின் விளையாட்டுகள்’ ஓவியத்தில் குனிந்தோரை வரிசையாகத் தாண்டும் சிறுவர்களைக் காணலாம்.

ஓட்டம், உந்தல், கை ஊன்றல், பறத்தல், இறங்கல் ஆகிய ஐந்தும் ஒரு நொடிப்பொழுதில் கூடும் இந்த அசைவுக்கு நெருங்கிய உறவுடையது, 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக் முதலே இடம்பெற்ற ‘வால்ட்’ என்னும் ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டி. அதில் தாண்டப்படும் கருவியின் பெயரும் நெடுங்காலம் குதிரை என்றே இருந்தது. 2001-இல்தான் அகன்ற மேசை போன்ற கருவி அதன் இடத்தைப் பிடித்தது. திரிபுராவைச் சேர்ந்த வீராங்கனை தீபா கர்மாகர் 2016 ரியோ ஒலிம்பிக்கில் 0.15 புள்ளியில் வெண்கலத்தை இழந்து நான்காம் இடம் பெற்றது இப்போட்டியில்தான். பச்சைக்குதிரையை ஆண்பிள்ளைகளின் ஆட்டமாக மட்டும் கருதி, சிறுமியரைப் பார்வையாளராக நிறுத்தும் வழக்கம் எவ்வளவு பிழையானது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

ஆபத்தும் இல்லாமல் இல்லை. குதிரையானவர் தலையை உள்ளே இழுத்து, மோவாய் மார்பில் படும்படி வைத்துக்கொள்ள வேண்டும். தாண்டுபவர் கழுத்தில் கை வைக்காமல் தோளுக்குக் கீழே முதுகில் ஊன்றி, முழங்காலை மடக்கி இறங்க வேண்டும். சிமெண்ட் தரை இதற்கு ஆகாது, இளகிய மண்ணே ஏற்றது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சையின் பந்தல்கள் ஆண்டு முழுவதும் நிலத்தை மூடியிருக்கும் சுருளிப்பட்டி வட்டாரத்தில், திறந்த மண்தரை எளிதில் வாய்ப்பதில்லை. முல்லைப்பெரியாற்று நீரில் விளையும் இருபோக வயல்கள் இரண்டாம் அறுவடைக்குப்பின் ஓய்ந்து கிடக்கும் கோடையும் பள்ளி விடுமுறையும் ஒன்றாக வருவதால், அந்தச் சில வாரங்களில் தாள் நீக்கிய ஒரு துண்டு நிலமே போதுமானது. பள்ளத்தாக்கின் உடற்கல்வி ஆசிரியர்கள் இந்த ஆட்டத்தை, உயரத்தைச் சாண் சாணாக ஏற்றும் அதன் பழைய முறையிலேயே, சிறுவர்க்கும் சிறுமியர்க்கும் ஒருங்கே கற்பிக்க முன்வர வேண்டும். அதற்குக் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை.