காயமுற்ற சினைக்குதிரையும் அதன் குட்டியும்

நமது நாட்டிற் குதிரை வளர்ப்போர் மிகச் சிலரே. ஆயினும் குதிரைகள் இல்லாமலில்லை. போர்த்துக்கேயரும் அவர்க்குப் பின் ஒல்லாந்தரும் நெடுந்தீவிற் குதிரைகளை வளர்த்தனர். அவற்றின் வழிவந்த சிறு குதிரைகள் இன்றும் அத்தீவின் வெளிகளிற் கட்டாக்காலியாக மேய்கின்றன. நுவரெலியாவிலே சவாரிக்கு வைத்திருக்கும் குதிரைகளுள் வயது சென்றவையும் நொண்டியானவையும் சில வேளைகளில் உரிமையாளரின்றித் திரிகின்றன. கடுங்கோடையில் நீர் தேடி அலைந்து மெலிந்து விழுவனவும், முட்கம்பியிற் சிக்கிக் காலைக் கிழித்துக்கொள்வனவும், மோட்டார் வாகனங்களில் அடிபடுவனவும் உண்டு. அவ்வாறு விழுந்து கிடக்கும் ஒரு பெட்டைக் குதிரையைக் கண்டு இரங்கி, வீட்டுக் கொட்டிலுக்குக் கொண்டுவரும் கமக்காரருக்காகவே இத்துண்டுப்பிரசுரம் எழுதப்பெறுகின்றது.

நமது கமக்காரர் மாட்டை நன்கறிந்தவர். அவ்வறிவே குதிரையிடத்துச் சில வேளை தீங்காய் முடிகின்றது. குதிரை அசைபோடும் விலங்கன்று, அதன் இரைப்பை ஒன்றே, அது வாந்தியெடுக்கமாட்டாது. மாட்டுக்கு உதவும் தீவனமும் மருந்தும் பொறுமையும் குதிரைக்குப் பாதி வழி வரையே துணைவரும். எவ்வெவ்விடத்தில் அவை துணைவாரா என்பதை அறிந்துகொண்டாற் தாயையும் குட்டியையும் ஒருங்கே காக்கலாம்.

முதற்கண் ஓர் எச்சரிக்கை. நெடுந்தீவுக் குதிரைகளை எவரும் தம் எண்ணப்படி பிடித்தலும், தீவுக்கு வெளியே கொண்டுசெல்லுதலும் தகாதன. காயமுற்றதைக் கண்டவுடன் பிரதேச செயலகத்துக்கும் மிருக வைத்தியருக்கும் அறிவித்து, அவர்தம் இசைவுடனேயே கொட்டிலிற் சேர்த்தல் வேண்டும்.

காயத்தைப் பேணுதல்

இரத்தம் பெருகுமாயின் தூய துணியை மடித்து வைத்துப் பத்து நிமிடம் விடாது அழுத்துக. துணி நனைந்தால் அதனை எடுத்துவிடாது, மேலும் ஒரு துணியை அதன்மீது வைத்து அழுத்துக. இரத்தம் நின்றபின், கொதித்து ஆறிய 1 இலீற்றர் நீரில் 9 கிராம் உப்பு, அஃதாவது இரண்டு மட்டத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக, கரைத்து, அந்நீராற் புண்ணைத் தாராளமாகக் கழுவுக. எரித்த எண்ணெய், சுண்ணாம்பு, துருசு, புகையிலைச் சாறு ஆகியவற்றைப் புண்ணிலே இடும் வழக்கம் பலவிடங்களில் உண்டு. இவை உயிருள்ள தசையைச் சுட்டு, ஆறுதலைத் தாமதப்படுத்துகின்றன. புகையிலையிலுள்ள நஞ்சோ புண்வழியே உடலிற் சேரவும் கூடும்.

மூட்டுக்கு அண்மையிலுள்ள காயம் எத்துணைச் சிறிதாயினும் அதனைச் சிறிதென்று கருதலாகாது. மூட்டினுள்ளே தொற்றுச் சென்றுவிடின் அக்குதிரை பின்னர் நடவாது போதலும் கூடும். அவ்வாறே, குளம்பினடியில் ஆணி ஏறியிருக்குமாயின், மிருக வைத்தியர் விரைவில் வரக்கூடிய இடத்தில் அதனைப் பிடுங்காது விட்டு, மேலும் உட்செல்லாதபடி சுற்றிலும் துணியடை வைத்துக் கட்டுதல் நன்று. ஆணி சென்ற திசையை அவர் கண்டறிய அஃது உதவும்.

ஏற்புவலி நோய் மாட்டை அரிதாகவே பற்றும்; குதிரையையோ வேறெந்த வீட்டு விலங்கையும்விட எளிதிற் பற்றும். மண்ணிலும் சாணத்திலும் வாழும் கிருமியால் வருவது இது. மேற்புறம் ஆறிவிட்டதெனத் தோன்றும் ஆழ்ந்த துளைக்காயமே இதற்கு உகந்த இடம். தாடை இறுகி, செவி விறைத்து, மூன்றாவது இமை கண்ணின்மேல் ஏறி நிற்பதைக் கண்ட பின்னர் வைத்தியரை நாடுவதாற் பெரும்பாலும் பயனில்லை. ஊசி போட்டதா இல்லையா என்பது தெரியாத குதிரைக்கு, காயம்பட்ட அன்றே ஏற்பு எதிர்நஞ்சு ஊசியும் தடுப்பூசியும் போடுவித்தல் இன்றியமையாதது. குதிரை சினையாயிருக்கலாமென்பதையும் வைத்தியரிடம் மறவாது கூறுக. வலிநீக்கும் மருந்துகளுட் சில சினைக்குதிரைக்கு ஒவ்வாதவை. வீட்டிலே மனிதர்க்கென வைத்திருக்கும் மாத்திரைகளை எஞ்ஞான்றும் கொடுத்தலாகாது.

முழங்காலுக்குக் கீழேயுள்ள புண்ணில் சில வாரங்களில் சிவந்த தசை புடைத்தெழுந்து, தோல் மூடவிடாது நிற்றலுண்டு. அதனைத் துருசிட்டுச் சுடாமல், வைத்தியரைக் கொண்டு வெட்டுவித்து, அழுத்தமான கட்டிடுதலே முறை. ஒரு காலை ஊன்ற முடியாத குதிரை தன் பாரமனைத்தையும் மறுகாலிற் சுமத்துகின்றது. நாட்கணக்கில் அவ்வாறு நின்றால் நல்ல காலின் குளம்பிலே அழற்சி தோன்றி, நோயுற்ற காலைவிட நற்காலே கெட்டுப்போதல் கூடும். ஆகையாற் கொட்டிலின் தரையில் வைக்கோலைத் தடிப்பாகப் பரப்பி, அது படுத்து இளைப்பாற இடஞ்செய்க.

பட்டினிக் குதிரைக்கு உணவு

இரக்கமுள்ளோர் கையிலேயே குதிரை இறப்பது இவ்விடத்திலேதான். விலா எலும்பெல்லாம் தெரியும் குதிரையைக் கண்டதும், ஒரு வாளி நிறையத் தவிடும் புண்ணாக்கும் சோறும் வைக்கத் தோன்றுதல் இயல்பே. பல நாள் பட்டினி கிடந்த உடலிலே பொசுபரசு, மகனீசியம், பொற்றாசியம் ஆகிய உப்புக்கள் குறைந்திருக்கும். மாச்சத்து மிக்க உணவு திடீரென உட்சென்றால், எஞ்சிய உப்புக்களும் இரத்தத்தை விட்டு உயிரணுக்களுள் விரைகின்றன. இதயமும் மூச்சும் தளர்ந்து, மூன்று நாள் முதல் பத்து நாட்களுக்குள், தேறிவருகின்றதென நாம் மகிழ்ந்திருக்கும் வேளையிலேயே, அது விழுந்து இறக்கின்றது.

ஆகவே முதல் நாட்களில் தானியம், தவிடு, சோறு எதுவும் வேண்டா. நல்ல உலர்ந்த புல்லை நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, ஒரு வேளைக்கு அரைக் கிலோகிராமுக்கு மேற்படாமல் வைக்க. மூன்று நாட்களின் பின் அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டி, வேளைகளைக் குறைக்க. பத்து நாட் சென்றபின் அது விரும்புமளவு புல் தின்னலாம். தூய நீர் எப்பொழுதும் முன்னிருத்தல் வேண்டும். மணல் நிலமுள்ள இடங்களிலே புல்லைத் தரையில் இடாது, ஒரு தொட்டியிலோ பழைய சாக்கின்மீதோ வைக்க. புல்லோடு விழுங்கிய மணல் குடலிற் தங்கி வயிற்றுக்குத்தை உண்டாக்கும்.

குதிரை தேறியபின்னும் தவிர்க்க வேண்டியவை சில. கோழித் தீவனமும் மாட்டுக்கான கலப்புத் தீவனமும் சிலவற்றில் மொனென்சின் என்னும் மருந்து சேர்ந்திருக்கும். கோழிக்கும் மாட்டுக்கும் அது தீங்கற்றது. குதிரையின் இதயத்தைச் சிறு அளவிலேயே அழிக்கும். மாற்றுமருந்து கிடையாது. இப்பிலிப்பில் இலையைத் தொடர்ந்து தின்னும் குதிரையின் பிடரிமயிரும் வால்மயிரும் உதிரும். சீமைக்கிளுவையையும் விலக்குதல் நன்று. பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கையும் வைக்கோலையும் மாடு ஓரளவு பொறுக்கும், குதிரை பொறாது.

பசுக்களுக்கெனப் பலரும் பயிரிடும் சீ.ஓ.-3 போன்ற நேப்பியர் இனப் புற்களிலும் கினிப் புல்லிலும் ஒட்சலேற்று உண்டு. அது சுண்ணாம்புச் சத்தைக் குதிரையின் உடல் ஏற்கவிடாது. தவிட்டிலோ பொசுபரசு மிகுதி, சுண்ணாம்புச் சத்துக் குறைவு. இவ்விரண்டையுமே மாதக்கணக்கில் உண்ணும் குதிரையின் எலும்பு மென்மையாகி, முகம் வீங்கி, நடை கெடும். வயிற்றிற் குட்டியையோ மடியிற் பாலையோ சுமக்கும் தாய்க்கு இவ்விழப்பு இரட்டிப்பாகும். வெளிப்புல்லையும் கலந்து கொடுத்து, தீவனத்தில் வைத்தியர் குறிக்கும் அளவு சுண்ணக்கற்றூள் சேர்த்தல் இதற்குப் பரிகாரம்.

குட்டியீனல்

குதிரையின் சினைக்காலம் ஏறக்குறைய 340 நாட்கள். 320 முதல் 365 வரை செல்லுதலும் உண்டு. கண்டெடுத்த குதிரைக்குச் சினைப்பட்ட நாள் தெரியாதாகையால் மடியையே பார்த்திருத்தல் வேண்டும். ஈனுதற்கு இரண்டு முதல் ஆறு வாரத்தின் முன் மடி பருக்கத் தொடங்கும். வாலடித் தசை தளரும். ஈற்றுக்கு ஓரிரு நாள் முன் முலைக்காம்பின் நுனியில் மெழுகு போன்ற துளி திரண்டு நிற்கும். சினையின் இறுதி இரு மாதங்களுள், ஈற்றுக்கு நான்கு முதல் ஆறு வாரம் முன்னதாக, ஏற்புத் தடுப்பூசியை மீண்டும் போடுவித்தால், அதன் காப்பு சீம்பால் வழியாகக் குட்டிக்கும் சேரும். மெழுகு தோன்றிய பின் நாட்கணக்கிற் பால் தானாகவே சொட்டுமாயின், அது வீணாகும் சீம்பாலென்றறிந்து, தூய பாத்திரத்திலேந்திக் குளிரூட்டியில் வைத்து, வைத்தியருக்கு அறிவிக்க.

குதிரை பெரும்பாலும் இரவிலேயே ஈனும். ஆட்கள் சுற்றி நிற்பின் அது காலந் தாழ்த்தும். காவலிருந்தவர் தேநீர் குடிக்கச் சென்ற இடைவெளியில் ஈன்றுவிடும். எனவே சற்றுத் தொலைவிலிருந்து, வெளிச்சத்தைக் குறைத்துப் பார்த்திருத்தலே தக்கது. பசுவுக்கு மணித்தியாலக் கணக்கிற் பொறுத்திருத்தல் கூடும். குதிரையிலோ நீர்க்குடம் உடைந்த பின் அரை மணித்தியாலத்தினுள் குட்டி வெளிவரல் வேண்டும். வாராவிடின் ஒவ்வொரு நிமிடமும் அதன் உயிரைக் குறைக்கின்றது. முதலில் வெண்மையான சவ்வுக்குப் பதிலாகச் சிவந்த, பட்டுப்போன்ற பை வெளித்தோன்றுமாயின், கொடி கருப்பையினின்றும் முன்னதாகவே பிரிந்துவிட்டது, குட்டிக்கு மூச்சில்லை. அப்பொழுது வைத்தியரை எதிர்பார்த்திராது, அப்பையை உடனே கிழித்துக் குட்டியை வெளியே எடுத்தல் வேண்டும்.

குட்டி பிறந்தபின் தொப்புட்கொடியை அறுத்தலாகாது. தாய் எழும்போதோ குட்டி அசையும்போதோ அது தானே அறும். அதன் நுனியை வைத்தியர் தரும் நீர்த்த குளோரெக்சிடின் மருந்தில் நாளுக்கு இரண்டு மூன்று தரம் தோய்க்க. ஒரு மணித்தியாலத்துள் குட்டி எழுந்து நிற்றல், இரண்டு மணித்தியாலத்துள் பால் குடித்தல், மூன்று மணித்தியாலத்துள் தாயின் இளங்கொடி வீழ்தல்: இம்மூன்றையும் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்க. பசுவின் இளங்கொடி அரைநாள் தாமதித்தாலும் அஞ்சுவதில்லை. குதிரையிலோ மூன்று மணித்தியாலத்தைக் கடந்த கொடி கருப்பையில் நஞ்சாகி, குளம்பழற்சி வரை கொண்டுபோய் விடும். அதனைக் கையாலிழுத்தலும், கல்லைக் கட்டித் தொங்கவிடுதலும் கொடிய தவறுகள். விழுந்த கொடியை எறியாது வைத்து, முழுமையாக உள்ளதா என வைத்தியரிடம் காட்டுக.

சீம்பாலும் பின்னைய பாலும்

குதிரைக்குட்டி நோயெதிர்ப்பு எதுவுமின்றியே பிறக்கின்றது. கருப்பையில் அதற்கு அச்சத்தி சேர்வதில்லை. நமது பெண்கள் கடும்பு என்று கூறும் அச்சீம்பாலிலேயே அஃது அனைத்தும் உண்டு. அதனை ஏற்கும் வாயில் குட்டியின் குடலிலே முதல் ஆறு மணித்தியாலம் நன்கு திறந்திருந்து, பின் ஒடுங்கி, ஒரு நாளில் மூடிவிடும். வலியுள்ள தாய் குட்டியை உதைத்து விலக்குமாயின், தாயைப் பிடித்துக்கொண்டு குட்டியைக் காம்பிற் சேர்க்க. நிற்க முடியாத குட்டிக்குச் சீம்பாலைக் கறந்து கொடுத்தல் வேண்டும். 45 கிலோகிராம் நிறையுள்ள குட்டிக்கு 1 முதல் 2 இலீற்றர் வரை சிறு சிறு வேளைகளாக வேண்டும். நெடுந்தீவுக் குட்டிக்கு அதனினும் குறையப் போதும். தாயிடம் சீம்பாலில்லையேல் மாட்டின் சீம்பால் ஈடாகாது. குருதித் திரவம் ஏற்றுதல் பற்றி வைத்தியரை அன்றே கேட்க.

குடித்ததா என்பதைக் குட்டியின் முகத்திலிருந்தே அறியலாம். மடி கனத்துப் பால் ஒழுகி, குட்டியின் நெற்றி பாலால் நனைந்திருப்பின், அது காம்பின்கீழ் நிற்கின்றதேயன்றிக் குடிக்கவில்லை. மடி தளர்ந்திருந்தும் குட்டி ஓயாது முட்டிக்கொண்டே நிற்பின், தாய்க்குப் பால் போதாது. மெலிந்த தாய்க்கு இது நேர்தல் எளிது.

அப்போது பசுப்பாலை அவ்வாறே கொடுத்தலாகாது. குதிரைப்பாலைவிட அதிற் கொழுப்பு மிகுதி, இனிப்புக் குறைவு. கொழுப்புக் குறைத்த பசுப்பால் 1 இலீற்றருக்கு 20 கிராம் குளுக்கோசு சேர்க்க. வீட்டுச் சீனியைச் சேர்த்தால் இளங்குட்டிக்கு அது செரியாது கழிச்சலாகும். முதல் நாளிலே குட்டியின் நிறையில் பத்திலொரு பங்கும், பத்து நாளளவில் ஐந்திலொரு பங்குக்குச் சற்று மேலும், இரவும் பகலும் பிரித்துக் கொடுக்க. முதல் வாரம் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு வேளை வேண்டும். உறக்கத்தை மறந்தோரே இப்பணியை ஏற்கலாம். தலையை மேல்நோக்கித் தூக்கிப் புகட்டினாற் பால் சுவாசப்பையுட் செல்லும். மடிக்குக் கீழே நிற்கும் இயல்பில் தலை தாழ்ந்து குடிக்கும்படி செய்க. வாளியிற் குடிக்கப் பழக்குதல் புட்டியைவிட நன்று.

ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாளளவில் இலேசான கழிச்சல் வருதல் பெரும்பாலும் இயல்பே. அது தாயின் சாணத்தைத் தின்னுதலும் இயல்பே, விரட்ட வேண்டா. ஆனால் சோர்ந்து பாலை மறுத்தாலோ, உடல் வெப்பம் 39 பாகை செல்சியசைக் கடந்தாலோ, மூட்டு ஏதேனும் வீங்கினாலோ அன்றே வைத்தியரை அழைக்க.

மனிதர் கையும் பட்டியும்

ஒரு மாதக் குட்டி முன்னங்காலை நம் தோளில் வைப்பதைச் சிறுவர் சிரித்து வரவேற்பர். இரண்டு வயதில் அதே விளையாட்டு எலும்பை முறிக்கும். தொட்டுத் தடவுதலும் குளம்பைத் தூக்கிப் பழக்குதலும் போதும். கடித்து விளையாடவும் முட்டவும் விடற்க. புட்டியில் வளர்ந்து குதிரையையே காணாத குட்டி தன்னைக் குதிரையென்று அறியாது வளர்கின்றது. தாயில்லாததற்கு வேறொரு சாதுவான குதிரையைத் துணைவிடுதல் பாலுக்கு அடுத்த தேவை.

ஐந்து ஆறு மாதத்தில் பால் மறக்கச் செய்யலாம். தாய் இன்னும் மெலிந்தே இருப்பின், குட்டி புல் நன்கு தின்னுமாயின், நான்காம் மாதத்திலேயே பிரித்தல் தாய்க்கு நலம்.

நெடுந்தீவிலே இப்பணியை ஏற்பவர் ஒன்றைத் தொடக்கத்திலேயே தீர்மானித்தல் வேண்டும்: தாயும் குட்டியும் மீண்டும் பட்டியுடன் சேர வேண்டுமா, அன்றி மனிதரிடமே வாழ வேண்டுமா என்பது. சேர வேண்டுமாயின், தாயின் புண் ஆறியதும், மாரி பெய்து குட்டைகளில் நீர் நிறைந்துள்ள காலத்தில், குட்டி தாயோடிருக்கும்போதே இருவரையும் அதிகாரிகள் முன்னிலையில் பட்டியருகே விடல் வேண்டும். கையிற் பால் குடித்து வளர்ந்த குட்டியை அவ்வாறு விட்டால், அது பட்டியை நோக்கிச் செல்லாது, அடுத்த வீட்டுப் படலையை நோக்கியே செல்லும்.