கிணறு கற்றுக்கொடுத்த நீச்சல்: அன்றும் இன்றும்

நாமக்கல் மாவட்டத்து ராசிபுரத்தைச் சுற்றி வெண்ணந்தூர், பிள்ளாநல்லூர், சிங்களாந்தபுரம் எனத் திரும்பிய பக்கமெல்லாம் கிணறுகள். காவிரி எட்டாத மேட்டு நிலம் என்பதால் பாறையை வெடிவைத்து உடைத்துத்தான் தண்ணீர் கண்டார்கள். மாடு பூட்டிக் கவலை இறைத்த காலத்திலும், ஆயில் எஞ்சினும் கரண்டு மோட்டாரும் வந்த பிறகும், இங்குள்ள பிள்ளைகள் நீச்சல் பழகியது இந்தக் கிணறுகளில்தான்.

முதுகில் சுரைப்புருடையோ காலி டின்னோ கட்டி, இடுப்பில் கயிறு போட்டு இறக்குவார்கள். மேலே மாமனோ சித்தப்பனோ கயிற்றைப் பிடித்திருப்பார். படியைப் பிடித்துக் காலடிக்கப் பழகி, கிணற்றைக் குறுக்கே கடந்து, கடைசியில் அடியாழம் போய் மண் எடுத்து வந்தால்தான் நீச்சல் வந்ததாகக் கணக்கு. பக்கத்திலேயே ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்ததால், கத்தினால் ஓடிவர நாலு பேர் இருந்தார்கள்.

ஆனால் அது எல்லோருக்குமான பள்ளிக்கூடம் அல்ல. கிணறு நிலம் வைத்திருந்தவர்களுடையது. தலித் பிள்ளைகளை இறங்கவிடாத கிணறுகள் பல. பெண்பிள்ளைகள் பெரும்பாலும் மேலே நின்று பார்த்ததோடு சரி. காப்பாற்றும் முறையும் தவறு: மூழ்கியவரை வெளியே எடுத்தால் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவார்கள், வயிற்றை அமுக்குவார்கள். மூச்சுக் கொடுக்க வேண்டிய நிமிடங்கள் அதிலேயே போய்விடும்.

இன்று 1,000 அடிக்கும் கீழே போர்வெல் இறங்கிவிட்டது. பழைய கிணறுகள் நல்ல மழை பெய்த வருடத்தில் மட்டும் நிறைகின்றன. சுற்றுச்சுவர் இல்லை, படிகள் இடிந்துவிட்டன, பக்கத்தில் ஆள் நடமாட்டமும் இல்லை. நாமக்கல் மாவட்டம் மதிப்பெண்ணுக்குப் பேர்போன விடுதிப் பள்ளிகளை வளர்த்த இந்த ஆண்டுகளில், விடியல் முதல் இரவு வரை படித்த பிள்ளைகளுக்கு நீச்சல் பழக நேரமும் இல்லை, இடமும் இல்லை. அவர்கள்தான் ஆடிப்பெருக்குக்கும் விடுமுறைக்கும் மோகனூர், பரமத்தி வேலூர், ஜேடர்பாளையம் போய்க் காவிரியில் இறங்குகிறார்கள். கிணற்றுத் தண்ணீர் நிற்கும். ஆற்றுத் தண்ணீர் இழுக்கும். மணல் அள்ளிய குழி மேலிருந்து பார்த்தால் தெரியாது. ஒருவன் மூழ்க, கைகொடுக்கப் போன நண்பனும் சேர்ந்து போகிறான்.

இந்தியாவில் 2022இல் மட்டும் 38 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நீரில் மூழ்கி இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்திருக்கிறது. உலக அளவில் 2021இல் இறந்தவர்கள் சுமார் 3 லட்சம் பேர். இதை விதி என்று ஒதுக்காமல் எழுந்து நின்ற நாடு வங்கதேசம். பெற்றோர் வேலையாக இருக்கும் காலை நேரத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைக் கவனிக்க ஊர்தோறும் காப்பகங்கள் தொடங்கினார்கள். ஊர்க்குளத்திலேயே மூங்கில் மேடை கட்டி, பெரிய பிள்ளைகளுக்கு நீச்சலும் மீட்பும் கற்றுக்கொடுத்தார்கள். 25 மீட்டர் நீந்த வேண்டும், 30 விநாடி மிதக்க வேண்டும், கரையில் நின்றபடி பிறரைக் காப்பாற்றத் தெரிய வேண்டும் என்பது அங்கே தேர்ச்சிக்கு அளவு. அந்நாடும் அயர்லாந்தும் முன்னெடுத்த தீர்மானத்தால்தான் 2021இல் ஐ.நா. பொதுச்சபை ஜூலை 25ஐ உலக நீரில் மூழ்குதல் தடுப்பு நாளாக அறிவித்தது.

அவர்களுக்குக் குளம் என்றால் நமக்குக் கிணறு. தண்ணீர் நிற்கும் கிணறு ஒன்றை ஊராட்சி எடுத்துச் சுவர் கட்டி, படியைச் சீர்செய்து, மூங்கில் மேடை போட்டால் போதும். பெண்பிள்ளைகளுக்குப் பெண் பயிற்சியாளர் வேண்டும், எந்தப் பிள்ளையையும் சாதி சொல்லித் தடுக்கக் கூடாது. ஆற்றுத் துறைகளில் வளர்ந்த இளைஞர்களுக்குப் பயிற்சியும் சம்பளமும் கொடுத்து, கயிறும் டியூபும் கையில் கொடுத்து, கூட்டம் கூடும் நாட்களில் உயிர்காப்பாளர்களாக நிறுத்தலாம். தீயணைப்புப் படை வந்து சேர்வதற்குள் உயிர் போய்விடுகிறது. காப்பாற்றும் வழி கரையில் நிற்பவருக்குத்தான் முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

அவர் குதிக்கக் கூடாது. கயிறோ வேட்டியோ வீச வேண்டும், காலி பிளாஸ்டிக் குடத்தைத் தள்ளிவிட வேண்டும். வெளியே எடுத்தவருக்கு மூச்சில்லை என்றால் வயிற்றை அமுக்காமல் வாயோடு வாய் வைத்து மூச்சு ஊத வேண்டும். பிறகு நெஞ்சில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று 108 ஆம்புலன்ஸ் வரும்வரை விடாமல் தொடர வேண்டும்.

அன்று நீச்சலை உறவு கற்றுக்கொடுத்தது. உறவும் நிலமும் இல்லாதவர்கள் விடுபட்டார்கள். இனி அதைப் பள்ளிக்கூடம் கற்றுக்கொடுக்கட்டும். ஐந்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைக்கு எழுதப் படிக்கத் தெரிகிறதா என்று கேட்கும் நாம், நீந்தத் தெரிகிறதா என்றும் ஊராட்சிக் கூட்டத்தில் எழுந்து கேட்க வேண்டும்.