தீப்பொறி மெஷின் செய்கிறானா பிள்ளை?

ஐ.டி.ஐ. படித்த என் தங்கை மகன், வீட்டுக் கொட்டகையிலேயே இரும்பை அறுக்கும் 'ஸ்பார்க் எரோஷன்' மெஷின் செய்து வருகிறான்.

"பெரியம்மா, இரும்பையும் செம்புக் கம்பியையும் மண்ணெண்ணெய்ல முக்கி, மயிரிழை இடைவெளியில பொறி பறக்கவிடணும். பொறிக்குப் பொறி இரும்பு பொடிப்பொடியா உருகிடும். துளைக்குள்ள ஒடிஞ்சு மாட்டின 'டேப்'பைக் கூட எடுத்துடலாம்" என்றான்.

1943ல் சோவியத் நாட்டில் இந்த முறையைக் கண்டுபிடித்தவர்கள் போரிஸ், நடாலியா லாசரென்கோ தம்பதி. இதில் ஒரு பெண்ணுக்கும் பங்குண்டு என்பது நமக்கெல்லாம் பெருமை தானே!

ஆனால், வீட்டில் பிள்ளைகள் இதைச் செய்யும்போது, 'நமக்கென்ன தெரியும்' என்று பெண்கள் ஒதுங்கிவிடக் கூடாது. பொறி பறக்கும் இடம் மண்ணெண்ணெய்க்குள் நன்றாக மூழ்கியிருக்க வேண்டும். மேலே வந்தால் குப்பென்று பற்றிக்கொள்ளும். சுவிட்சை அணைத்த பிறகும் கண்டன்சரில் மின்சாரம் தங்கியிருக்கும். தொட்டால் உயிருக்கே ஆபத்து.

எனவே தோழியரே, சமையலறைப் பக்கம் வேண்டவே வேண்டாம். காற்றோட்டமான இடம், பக்கத்தில் ஒரு வாளி மணல், துணைக்கு விவரம் தெரிந்த ஓர் ஆள்... இந்த மூன்றும் இல்லாமல் சுவிட்சைப் போட விடாதீர்கள். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தடுக்க வேண்டாம், கண்காணித்தால் போதும்!

- ஒரு வாசகி, வத்தலக்குண்டு.