தொடக்கப் பள்ளியின் விளையாட்டுத் திடல்: உரிமையும் அதைக் கேட்டுப் பெறும் வழியும்

தமிழ்நாட்டின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் விளையாட்டுத் திடல் ஒரே நாளில் பறிபோவதில்லை; முதலில் ஒரு மூலையில் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி எழும்பும், அடுத்து இடித்த வகுப்பறையின் செங்கல்லும் கம்பியும் அள்ளப்படாமல் கிடக்கும், பிறகு சுற்றுச்சுவர் இல்லாத பக்கத்தில் வைக்கோற்போரும் டிராக்டரும் நிலைகொள்ளும். இதைக் கண்டு கொதிக்கும் பெற்றோர் பெரும்பாலும் தலைமையாசிரியரிடம் வாய்மொழியாக முறையிடுவதோடு நின்றுவிடுகின்றனர். நிலத்தின் மீது அதிகாரம் ஏதுமற்ற அவர் மேலிடத்தில் சொல்வதாகக் கூற, முறையீடு அங்கேயே முடிகிறது.

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவும் அதன் அட்டவணையும் விளையாட்டுத் திடல், சுற்றுச்சுவர் அல்லது வேலி, ஒவ்வொரு வகுப்புக்கும் தேவையான விளையாட்டுப் பொருட்கள் ஆகியவற்றைப் பள்ளியில் இருந்தே தீர வேண்டியவை என வரையறுக்கின்றன. திடலின் பரப்பளவை அட்டவணை கூறவில்லை என்பதால், வகுப்பறைக்கும் கழிப்பறைக்கும் இடைப்பட்ட முற்றத்தையே திடலெனக் கணக்குக் காட்டுவதற்கு இடம் கிடைத்துவிடுகிறது. ஆனால் ஹரியானாவின் யமுனாநகர் மாவட்டத்துப் பள்ளி ஒன்றின் வழக்கில், ஆக்கிரமித்தவர்கள் சந்தை விலை செலுத்தி நிலத்தை வைத்துக்கொள்ளலாம் என்ற உயர் நீதிமன்ற உத்தரவை 2023இல் ரத்து செய்த உச்ச நீதிமன்றம், விளையாட்டுத் திடல் இல்லாமல் பள்ளி இருக்க முடியாது என்று தெளிவாகவே கூறியிருக்கிறது.

மனு எழுதுமுன் தேட வேண்டியது பள்ளி நிலத்தின் புல எண், அதாவது வருவாய்த் துறை அந்நிலத்துக்குத் தந்துள்ள சர்வே எண். அதைக் கொண்டு, நிலத்தின் பரப்பையும் வகைப்பாட்டையும் காட்டும் ‘அ’ பதிவேட்டின் நகலையும், எல்லைகளை அளவுகளோடு காட்டும் புல வரைபடத்தையும் பெற வேண்டும். இவை வருவாய்த் துறையின் இணையச் சேவையில் கிடைக்கும், கிடைக்காதபோது வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். முன்னொரு காலத்தில் ஊர்ப் பெரியவர் ஒருவர் தானமாகக் கொடுத்து, பட்டா மட்டும் அவர் பெயரிலேயே தங்கிவிட்ட நிலமானால் ஆபத்து அதிகம். வாரிசுகள் விற்க முற்படும் முன்பே தானப் பத்திரத்தின் சான்றிட்ட நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பெற்று, பட்டாவைப் பள்ளியின் பெயருக்கோ ஒன்றியத்தின் பெயருக்கோ மாற்றக் கோர வேண்டும்.

அடுத்தது பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானம். சட்டத்தின் 21ஆம் பிரிவு இக்குழுவில் முக்கால் பங்கைப் பெற்றோருக்கே ஒதுக்குகிறது. 22ஆம் பிரிவு பள்ளி வளர்ச்சித் திட்டம் வகுக்கும் பொறுப்பை அதனிடம் ஒப்படைக்கிறது. இவ்வளவு இருந்தும், ‘விளையாட்டு வசதி செய்து தர வேண்டும்’ என்று ஒற்றை வரி எழுதிக் கையெழுத்திடுவதோடு பல குழுக்கள் கலைவது வேதனைக்குரியது. புல எண், மொத்தப் பரப்பு, இப்போது எஞ்சியுள்ள பரப்பு, இடத்தை அடைத்திருப்பது எது, அகற்ற வேண்டியது யார் என்பன இல்லாத தீர்மானத்தால் பயனில்லை.

அத்தீர்மானத்தை இணைத்து, 32ஆம் பிரிவின்கீழ் என்று தலைப்பிலேயே குறிப்பிட்டு, உள்ளாட்சி அமைப்புக்கு எழுத்துமூலம் புகார் அளிக்க வேண்டும். பள்ளியை நிர்வகிக்கும் அதிகாரியும் அச்சொல்லின் வரையறைக்குள் அடங்குவதால், வட்டார வளர்ச்சி அலுவலர், வட்டாரக் கல்வி அலுவலர் இருவருக்கும் அனுப்புவதே பாதுகாப்பானது. இல்லையேல் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார். மனுவின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் பெறாமல் திரும்பக் கூடாது. புகாரை 3 மாதங்களுக்குள் முடிவு செய்யச் சட்டம் கட்டளையிடுகிறது. அந்த முடிவு பாதகமானால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். முத்திரையிட்ட நகல் இல்லாவிட்டால் 3 மாதத்தை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதற்கே சான்றில்லாமல் போகும்.

திடல் கிடைத்தாலும் பொருள் வேண்டும். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின்கீழ் அரசுத் தொடக்கப் பள்ளிக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் வரை விளையாட்டு மானியம் உண்டு. அதில் வாங்கிய பந்தும் ஸ்கிப்பிங் கயிறும் தொலைந்துவிடும் என்ற அச்சத்தால் பீரோவிலேயே பூட்டிக் கிடப்பதற்கு மன்னிப்பே இல்லை. மானியம் வந்ததா, எதற்குச் செலவானது என்பதை 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய தகவல் உரிமை விண்ணப்பத்தின் மூலம் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும்.

நன்கொடையாளர் ஊஞ்சலும் சறுக்குமரமும் நிறுவ முன்வரும்போது பெயர்ப்பலகையில் செலுத்தப்படும் கவனம் அடித்தரையில் செலுத்தப்படுவதில்லை. சிமெண்ட் தளத்தின் மீது ஊஞ்சல் கட்டவே கூடாது. கீழே ஏறத்தாழ ஓர் அடி ஆழத்துக்கு மணல் பரப்பி, பிள்ளைகளின் கால்பட்டுப் பள்ளமாகும் இடத்தை அவ்வப்போது கிளறி நிரப்ப வேண்டும். சங்கிலி தொங்கும் கொக்கி தேய்ந்து வாய் திறந்திருக்கிறதா என்று வாரந்தோறும் பார்க்க வேண்டும். தகரச் சறுக்குமரம் நண்பகல் வெயிலில் தோலைச் சுடுமாதலால் வேம்பு அல்லது புங்க மரத்தின் நிழலில் வைப்பதே முறை.

மூடாத ஆழ்துளைக் கிணறு, விரிசல் விட்ட கழிவுநீர்த் தொட்டி மூடி, தாழத் தொங்கும் மின்கம்பி ஆகியவற்றுக்கு மேற்சொன்ன 3 மாத நடைமுறை பொருந்தாது. 2019இல் மணப்பாறைக்கு அருகே நடுக்காட்டுப்பட்டியில் ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த குழந்தையைப் பல நாட்கள் போராடியும் உயிருடன் மீட்க முடியவில்லை. இத்தகைய ஆபத்தைக் கண்ட நாளிலேயே தலைமையாசிரியர் அவ்விடத்தைக் கயிறு கட்டித் தடுத்து, புகைப்படத்துடன் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும், மின்கம்பியானால் மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்கும் எழுத்தில் தெரிவித்து, அதற்கும் தேதியிட்ட ஒப்புகை பெற்று வைக்க வேண்டும்.